கார்த்திகைக் கிழங்கின் இரண்டு கண்கள்

சோளகக் காற்றில் மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும் ஆடி மாதத்தில், வேலிக்கரையில் அரையடி ஆழத்துக்கு மண்ணைக் கையால் விலக்கினால் கார்த்திகைப்பூவின் கிழங்கு அகப்படும். விரல் தடிப்பில் இரண்டு கைகள், ஒரு முனையில் பொருந்தி, கலப்பையைப் போல விரிந்திருக்கும். தோல் மண்ணிறம். நகம் பட்டால் உள்ளே வெள்ளை. ஒவ்வொரு கையின் நுனியிலும் அரிசி மணியளவில் ஒரு முளை இருக்கும். ஆக மொத்தம் இரண்டே இரண்டு. கிழங்கின் உடம்பில் வேறெங்கு தேடினாலும் கண் கிடையாது.

இந்த இரண்டு கண்களை விளங்கிக்கொண்டால் இந்தச் செடியை வளவில் பெருக்குவதற்கான அறிவில் முக்கால்வாசி கைக்கு வந்துவிடும். பற்றைக் காணியிலிருந்து கிழங்கு கிண்டி வந்து ஆசையாக நட்டவர்களில் பலர், மழை வந்தும் ஒன்றும் முளைக்கவில்லை என்று சொல்வார்கள். மண்ணும் பசளையும் பெரும்பாலும் இதற்குக் காரணமல்ல. கிழங்கு எளிதில் முறியக்கூடியது. மண்வெட்டி பட்டோ பையில் உரசுப்பட்டோ நுனி போயிருக்கும். நுனி போன கையில் எவ்வளவு மாச்சத்து இருந்தாலும் அது முளைக்காது. நம் செம்மண் தோட்டங்களில் விளையும் உருளைக்கிழங்கில் சுற்றிவரக் கண்கள் இருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றது முளைக்கும். இஞ்சியும் மஞ்சளும் கணுவுக்குக் கணு முளை வைத்திருக்கின்றன. கார்த்திகைக் கிழங்குக்கு அந்த வசதி இல்லை.

குளிர்நாட்டு முற்றங்களில் பெயர்பெற்ற ஐரிஸ் செடியைப் பெருக்குகிற முறையோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். ஐரிஸின் வேர்த்தண்டுக்கிழங்கு நிலத்தின் மேல்மட்டத்திலேயே முதுகைக் காட்டிக்கொண்டு படரும். ஒருமுறை பூத்த துண்டு மறுபடி பூக்காது. அதன் இருபுறமும் கிளைத்த இளந்துண்டுகள்தான் அடுத்தடுத்த ஆண்டுகளில் பூக்கும். அதனால் பூ முடிந்ததும் கிளப்பி, கிழடானதை எறிந்துவிட்டு, விசிறிபோன்ற இலைக்கொத்தும் வேரும் உள்ளதாகப் பார்த்து இளந்துண்டுகளை வெட்டி நடுகிறார்கள். ஒரு தாய்க்கிழங்கு ஓராண்டில் பல பிள்ளைகளைத் தந்துவிடும். ஆனால் தாடி ஐரிஸ் எனப்படும் அந்த அழகிய வகைகள் பூ அரும்பு வைப்பதற்குக் கிழமைக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும். தை மாதத்து இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிதான யாழ்ப்பாணத்தில் அதை வளர்த்தால் இலைதான் மிஞ்சும். அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. நிலத்தடியில் உயிரை ஒளித்து வைத்து, பருவம் அறிந்து எழுந்து, ஐரிஸுக்கு எந்த விதத்திலும் குறையாத பூவைத் தருகிற செடி நம் வேலியிலேயே இருக்கிறது.

தாவரவியலில் இதன் பெயர் குளோரியோசா சுப்பேர்பா. 1753இல் லின்னேயஸ் இட்டது. தமிழ்நாட்டில் செங்காந்தள், கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று பல பெயர்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் செல்லும் பூக்களின் வரிசை காந்தளில்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரும் சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. எங்கள் பக்கத்தில் இது மாவீரர் நினைவோடு சேர்ந்துவிட்ட பூ. நவம்பரில் இதைப் பார்க்கும்போது பல வீடுகளில் ஒரு பெயர் நினைவுக்கு வரும். அந்தக் கனம் தெரிந்துதான் இதை எழுதுகிறேன். இந்தக் கட்டுரையின் வேலை, அந்தப் பூ ஆண்டுதோறும் தவறாமல் பூக்கும்படி அதன் கிழங்கைக் காப்பாற்றும் வழியைச் சொல்வது.

செடியின் ஆண்டுக்கணக்கு இப்படிப் போகும். புரட்டாதிக் கடைசியிலோ ஐப்பசியிலோ முதல் மழை மண்ணுக்குள் இறங்குகிறது. கை நுனியில் உள்ள முளை நீண்டு நிலத்துக்கு மேலே வருகிறது. முதல் சில கிழமைகள் தண்டு முழுக்கப் பழைய கிழங்கின் சேமிப்பில்தான் வாழும். இலைகள் விரிந்து சூரிய ஒளியில் உணவு ஆக்கத் தொடங்கியதும், தண்டின் அடியில் புதிய கிழங்கு ஒன்று உருவாகிறது. அதற்கும் இரண்டு கைகள், இரண்டு கண்கள். மேலே பூ விரிந்து நாங்கள் பார்த்துப் பார்த்து மகிழ்கிற நாட்களில் கீழே பழைய கிழங்கு வற்றி வெறும் தோலாகிக் கொண்டிருக்கும். மாசி, பங்குனியில் கொடியும் காய்ந்துவிடும். அதன் பிறகு புதிய கிழங்கு ஏறக்குறைய ஆறு மாதம் தூங்கும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. இரண்டையும் நாங்கள் வழக்கமாக மீறுகிறோம்.

முதலாவது, தைப்பொங்கலுக்கு வளவைத் துப்புரவாக்கும்போது நடப்பது. பூ முடிந்து, பாதி மஞ்சளாகி, வேலியில் சோர்ந்து தொங்கும் கொடியைப் பார்த்தால் அரிந்து எறியத்தான் கை போகும். அரியக் கூடாது. அந்தக் கடைசிக் கிழமைகளில்தான் இலையில் மிஞ்சியிருக்கிற சத்து கீழே இறங்கிப் புதிய கிழங்கை நிரப்புகிறது. பச்சையாக அரிந்த கொடியின் கிழங்கு மெலிந்து போகும். மறு ஆண்டு இலை வரும், பூ வராது. கொடி தானாகக் காய்ந்து, தொட்டால் கழன்று வரும்வரை விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, கோடையில் ஊற்றும் தண்ணீர். வாடிப்போன இடத்தைப் பார்த்து இரக்கப்பட்டுக் கிணற்றுத் தண்ணீர் விடுகிறவர்கள் உண்டு. உறங்கும் கிழங்கு ஈரம் கிடைத்தவுடன் எழுந்துவிடாது. உறக்கத்தைக் கட்டிக் காப்பது உள்ளிருக்கும் சுரப்புகள். இப்படிப்பட்ட நிலத்தடிச் சேமிப்பு உறுப்புகளில் பொதுவாக அப்சிசிக் அமிலம் மேலோங்கியிருக்கும்வரை முளை அடங்கியிருக்கும். மாதங்கள் செல்ல அது தேய்ந்து, ஜிபரெலின் போன்ற வளர்ச்சிச் சுரப்புகளின் கை ஓங்கும். அதன் பிறகுதான் ஈரத்துக்கு வேலை. அதற்கு முன் ஊற்றுகிற தண்ணீர் பங்கசுக்குத்தான் உதவும். கிழங்கு அழுகிவிடும்.

இனிப் பிரித்து நடுகிற வேலை. ஆனியிலிருந்து ஆவணி வரை, மண் காய்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். காய்ந்த கொடியின் அடிக்கு நேரே அலவாங்கைப் போடக் கூடாது. முளை இருப்பது கைகளின் நுனியில் என்பதால், அடுத்த ஆண்டுத் தண்டு எழும்புகிற இடம் பழைய கொடியடியிலிருந்து ஒரு சாண் தள்ளியும் இருக்கலாம். சில ஆண்டுகளில் கொடி வேலியோரமாக நகர்ந்துபோவது இப்படித்தான். கைகள் கீழ்நோக்கி வளர்வதால் வயதான செடியின் கிழங்கு ஆழத்திலும் கிடக்கும். ஆகவே ஓரடி தள்ளி நாற்புறமும் மண்ணை இளக்கி, மிச்சத்தைக் கைவிரலால் விலக்கி, மண்ணோடு சேர்த்துத் தூக்குவதுதான் பாதுகாப்பு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கிழங்கைப் பிரிக்கத் தகுந்த இடம் ஒன்றே ஒன்று. அது இரண்டு கைகளும் சேர்கிற மூட்டு. கையை நடுவில் வெட்டினால் நுனியில்லாத துண்டு வீண். பிரிக்காமலே நட்டால் என்ன என்று கேட்கலாம். நடலாம். ஆனால் பல நேரங்களில் ஒரு நுனி முந்தி முளைத்து மற்றதை அடக்கிவிடும். பிரித்துவிட்டால் இரண்டும் தனித்தனிச் செடியாகும். சுத்தமான கத்தியால் மூட்டில் அறுத்து, வெட்டுவாயில் சாம்பல் பூசி, நிழலில் இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். அதற்குள் காயத்தின் மேல் தக்கைபோன்ற ஒரு படை உருவாகி, பங்கசு நுழைகிற வழியை அடைத்துவிடும். தமிழ்நாட்டில் இதைப் பயிராகச் செய்கிறவர்கள் கார்பென்டசிம் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து நடுகிறார்கள். வீட்டில் நாலைந்து கிழங்கு நடுவதற்குச் சாம்பலும் நிழலும் போதும்.

நடும்போது கிழங்கைப் படுக்கையாக வைத்து, இரண்டு மூன்று அங்குலம் மண் மூட வேண்டும். நுனிக்கு முன்னால் கல் இருக்கக் கூடாது. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் இதற்கு நல்லது. கீழே சுண்ணாம்புக்கல் இருப்பதால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும். வடமராட்சி மணலில் இலைக்குப்பையும் மக்கிய மாட்டெருவும் கொஞ்சம் தாராளமாகச் சேர்க்க வேண்டும். வயல்கரையோ கடல்நீரேரிக் கரையோ என்றால் மண்ணைக் குவித்து மேட்டில்தான் நட வேண்டும். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது வளவுகளுக்குள் வெள்ளம் நின்றது நினைவிருக்கும். நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கும் கிழங்கு, மூச்சுக்கு ஒட்சிசன் இல்லாமல் அழுகிப்போகும்.

கொடிக்குப் பிடிமானம் வேண்டும். இதன் இலை நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாக மாறுகிறது. சார்ள்ஸ் டார்வின் ஏறுகொடிகளைப் பற்றி 1865இல் எழுதிய ஆய்வில் இந்த இனத்துச் செடியொன்றையும் கவனித்து, இலையால் ஏறும் கொடிகளோடு சேர்த்தார். இலை நுனி மெல்லிய குச்சியைத்தான் சுற்றிப் பிடிக்கும். மதிலைப் பிடிக்காது, தடித்த மரத்தையும் பிடிக்காது. கிளுவைக் கதியாலில் கிளைத்து வரும் சிறு கொம்புகள் அதற்கு அளவெடுத்ததுபோல அமைந்தவை. தமிழ்நாட்டு விவசாயிகளும் இந்தப் பயிருக்கு முள்கிளுவையையே உயிர்ப்பந்தலாக நடுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அடி நிழலிலும் தலை வெயிலிலும் இருக்க விரும்பும் கொடிக்கு உயிர்வேலியை விடத் தோதான இடம் வேறில்லை.

கிழங்கு வழிப் பெருக்கத்தின் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிழங்குக்கு இரண்டு கண். ஒவ்வொரு கண்ணும் ஒரு செடி, ஒவ்வொரு செடிக்கும் ஒரு புதிய கிழங்கு. எதுவும் அழுகாமல், எதுவும் முறியாமல் போனால் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். ஐந்தாம் ஆண்டு முடிவில் 32. நடைமுறையில் அதன் பாதி கிடைத்தாலே பெரிது. வேலி முழுக்கப் பூக்க வேண்டுமென்றால் விதைக்குப் போக வேண்டும். விதைக்குப் போகிறவர் பூவை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மொட்டு தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து மேலே நிமிர்கின்றன. முதலில் பச்சை, பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், கடைசியில் முழுச்சிவப்பு. இதழ்கள் மேலே போய்விட்டதால் கீழே சூலகம் வெளிப்படையாகத் தெரியும். அதைச் சுற்றி ஆறு கேசரங்கள் பக்கவாட்டில் நீண்டு நிற்கும். இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. சூலகத்திலிருந்து புறப்படும் தம்பம் நேரே போகாமல், அடியிலேயே ஏறக்குறையச் செங்கோணத்தில் திரும்பி, பூவுக்கு வெளியே ஒரு பக்கமாக நீண்டுவிடுகிறது. சூலகமுடி மூன்றாகப் பிரிந்து அதன் நுனியில் இருக்கும். தன் மகரந்தம் தன் முடியில் விழாமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. தேனுக்கு வரும் வண்ணத்துப்பூச்சி சிறகடிக்கும்போது ஒரு பூவின் மகரந்தம் சிறகில் ஒட்டி, அடுத்த பூவின் முடியில் படுகிறது.

வண்ணத்துப்பூச்சி போதாத இடத்தில் மனிதக் கை உதவலாம். திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம், திருப்பூர் மாவட்டத்து மூலனூர், தாராபுரம் பகுதிகளில் விதைக்காக இதைப் பயிரிடும் விவசாயிகள் காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விலைபோகும் விதைக்கு அந்த உழைப்பு ஈடாகிறது. வீட்டில் இன்னும் எளிது. ஒரு பூவின் கேசரத்தைக் கிள்ளி, வேறொரு கொடியின் பூவில் வெளியே நீண்டிருக்கும் சூலகமுடியில் தடவினால் முடிந்தது. வேறொரு கொடி என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே கிழங்கிலிருந்து பிரித்து நட்டவை எத்தனை இருந்தாலும் மரபளவில் ஒரே செடிதான். கொக்குவிலில் இருப்பவர் சாவகச்சேரியில் உள்ள சொந்தக்காரரிடம் ஒரு கிழங்கு மாற்றி வாங்கினால் உண்மையான கலப்பு கிடைக்கும். நோய் தாங்கும் வேறுபாடுகள் அப்படித்தான் பிறக்கும்.

காய் முற்றி வெடிக்கும்போது உள்ளே செக்கச்செவேலென விதைகள் தெரியும். அவற்றை உடனே எடுத்து நிழலில் காயவைத்து, அடுத்த மழைக்கு முன் சட்டியிலோ பாத்தியிலோ விதைக்கலாம். விதைத்தோல் கடினம். கிழமைக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதல் ஆண்டு நாற்று சில ஒடுங்கிய இலைகளோடு புல்லைப்போல இருக்கும், பற்றுநுனி இருக்காது. களை என்று பிடுங்கிவிடுவது இந்த ஆண்டில்தான். பூ மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் வரும்.

இப்போது கையுறையின் காரணத்துக்கு வருகிறேன். இந்தச் செடியின் எல்லாப் பகுதிகளிலும் கொல்கிசின் என்ற நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. 1820இல் பெல்லெத்தியே, காவாந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் இதன் ஐரோப்பிய உறவுச் செடியான கொல்கிக்கத்திலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுத்துச் செல்ல நுண்குழாய்களால் ஆன ஒரு கதிர் அமைகிறது. அந்தக் குழாய்களைக் கட்டும் தியூபுலின் புரதத்தைக் கொல்கிசின் பற்றிக்கொள்ளும். குழாய் எழும்பாது. கலப்பிரிவு நடுவழியில் நின்றுவிடும். உடலில் எந்தக் கலங்கள் விரைவாகப் பிரிகின்றனவோ அவைதான் முதலில் அடிபடும். குடலின் உட்சுவர், எலும்பு மச்சை, மயிர்க்கால். அதனால்தான் கிழங்கைத் தின்றவருக்குச் சில மணி நேரத்தில் கொலராபோன்ற வாந்தி, வயிற்றோட்டம், பிறகு குருதிக்கலங்களின் வீழ்ச்சி, தப்பிப் பிழைத்தால் தலைமயிர் முழுக்க உதிர்வது என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. இலங்கையில் இந்தக் கிழங்கை உண்டு பிழைத்த ஒருவருக்கு உடல் மயிர் அத்தனையும் உதிர்ந்ததைப் பற்றி 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழில் அறிக்கை வெளியானது. எங்கும் எளிதாகக் கிடைக்கும் முறிமருந்து இதற்கு இன்னும் இல்லை. யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதே பொருள் அளவோடு கொடுக்கப்பட்டால் கீல்வாதத்துக்கு மருந்து. 2023இல் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்கும் குறைந்த அளவில் அனுமதி கிடைத்தது. 1937இல் பிளேக்ஸ்லி கொல்கிசினால் தாவரங்களின் நிறமூர்த்தத் தொகையை இரட்டிப்பாக்கிக் காட்டினார். இன்று கடையில் வாங்கும் விதையில்லா வத்தகைப்பழம் அந்தக் கண்டுபிடிப்பின் வழி வந்தது. தமிழ்நாட்டு விதைக்கு அவ்வளவு விலை இருப்பதற்கும் கொல்கிசினே காரணம். ஆனால் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான அளவு வேறுபாடு மிகச் சிறியது. வீட்டில் இதைக் கைமருந்தாக எந்த நோய்க்கும் தொடவே கூடாது.

வளவு வைத்திருப்பவர் மறக்கக் கூடாத இடர் ஒன்று உண்டு. இராசவள்ளியும் வேறு வள்ளிக்கிழங்குகளும் நடுகிற அதே வேலிக்கரையில்தான் இதுவும் வளர்கிறது. கிண்டி எடுக்கிற காலங்களும் ஒன்றோடொன்று முட்டும். கிழங்கு தெரியாதவர் கையில் இது உணவுக்கிழங்காகத் தோன்றிவிடும். ஆகவே கார்த்திகைக்கு ஒரு மூலையை ஒதுக்கிவிட்டு, அங்கே தின்னும் கிழங்கு எதையும் நடாதீர்கள். கிண்டியதைக் குசினிக்குள் கொண்டுபோக வேண்டாம். காய்ந்த மணல் போட்ட ஒரு பழைய கடகத்தில், பிள்ளைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். அந்தக் கடகத்தைப் பிறகு உணவுப்பொருளுக்கு எடுக்கக் கூடாது. வெட்டிய கத்தியையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இவ்வளவு நஞ்சுள்ள செடியையும் தின்ன ஒரு பூச்சி இருக்கிறது. பொலிட்டெலா குளோரியோசே என்ற அந்துப்பூச்சியின் புழு. கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள். பெயரிலேயே இந்தச் செடியைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஒரு கொடியை ஓரிரு நாளில் மொட்டையடித்துவிடும். இலை போனால் கிழங்கு நிரம்பாது என்பதால் பூக்காலத்தில் காலையும் மாலையும் கொடியைப் பார்த்து, கையுறையோடு புழுவைப் பொறுக்கிவிடுவதே போதுமான வைத்தியம். மருந்தடித்தால் மகரந்தம் சுமக்கிற வண்ணத்துப்பூச்சியும் சேர்ந்து போய்விடும்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஆட்களும் சட்டியில் இதை வளர்க்கிறார்கள். அங்கே மலர்க்கடைகளில் ‘ரொத்ஸ்சைல்டியானா’ என்ற பெயரில் கிழங்கு விற்பனைக்கு வரும். அவர்களிடமிருந்து ஒரு குறை கேட்பதுண்டு. பூ கார்த்திகையில் வராமல் ஆடி ஆவணியில் வந்துவிடுகிறது. கிழங்குக்கு மாதப்பெயர் தெரியாது. உறக்கம் முடிந்து, சூடும் ஈரமும் கிடைத்த நாளிலிருந்து இரண்டு மூன்று மாதத்தில் பூக்கும். ரொறன்ரோவில் பங்குனி சித்திரையில் வீட்டுக்குள் முளைக்க வைத்தால் கோடையில் பூ. நவம்பரில் பூ வேண்டுமென்றால் கிழங்கை உலர்ந்த மரத்தூளில் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, ஆவணியில் நட்டு, வெளியே குளிர் விழுந்ததும் கண்ணாடி அறைக்குள்ளோ விளக்குக்குக் கீழோ எடுக்க வேண்டும். வெளிச்சம் குறைந்தால் பூ குறையும். அந்த வசதி இல்லாதவர்கள் கோடைப்பூவோடு நிறைவு கொள்வது கிழங்கின் ஆயுளுக்கு நல்லது.

ஊரில் இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பற்றைக்காடுகளில் தானாக வளர்ந்து நிற்பதைக் கிண்டாதீர்கள். ஒரு கண்ணுக்கு ஒரு செடி என்று பெருகும் இனம், ஆண்டுக்கு நாலு பேர் அலவாங்கோடு போனால் அந்த இடத்தை விட்டே போய்விடும். காடுகளிலிருந்து மருந்துக்காக அகழ்ந்ததால் இந்தியாவின் பல பகுதிகளில் இது அருகிவிட்டது. காட்டிலிருந்து எடுப்பதென்றால் முற்றி வெடித்த காயிலிருந்து ஒருபிடி விதை எடுங்கள், மிச்சத்தை அங்கேயே உதிர விடுங்கள். வேலிகள் மதில்களாக மாறிவருகிற காலத்தில் இந்தக் கொடி ஏறுவதற்குக் கொம்பும் குறைந்துகொண்டே போகிறது. மதில் கட்டியவர்களும் உட்புறமாக இரண்டடி தள்ளி நாலு கிளுவைக் கதியால் ஊன்றலாம். கதியால் வேர்விடுவதும் கிழங்கு முளைப்பதும் ஒரே மழையில்தான். ஆவணிக் கடைசியில் கிழங்கைப் பிரித்துக் காயவைத்து, புரட்டாதியில் கதியாலின் அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி நட்டு, நட்ட இடத்தில் ஒரு குச்சி குத்தி அடையாளம் வையுங்கள். விதை போட்ட பாத்திக்கும் அப்படியே. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அங்கே மண்வெட்டி போடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.